பலகையில் எழுதிய பூச்சியம்

பெரிய கட்டுமானப் பணிகள் நடைபெறும் இடங்களின் வாயிலில் ஒரு பலகையை நீங்கள் பார்த்திருக்கலாம். மேம்பாலமோ, அனல் மின் நிலையமோ, சுரங்க இரயில் பாதையோ எதுவாயினும் அந்தப் பலகை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். பாதுகாப்பைப் பற்றிய ஒரு வாசகம் மேலே எழுதியிருக்கும். அதன் கீழே, விபத்தின்றிக் கழிந்த நாட்கள் இத்தனை, வேலை செய்த மொத்த மணி நேரம் இத்தனை, நிகழ்ந்த விபத்துகள் இத்தனை என்று எண்கள் வரிசையாக இருக்கும். கடைசி எண் பூச்சியமாக இருந்துவிட்டால் மேலாளருக்குப் பெருமை; ஒப்பந்தக்காரருக்கு நற்பெயர்; சில வேளைகளில் விருதும் உண்டு.

இக்கட்டுரை அந்தப் பூச்சியத்தைப் பற்றியது. ஒரு நூலையோ நாடகத்தையோ திறனாய்வு செய்வது போலவே ஓர் அளவுகோலையும் திறனாய்வு செய்யலாம், செய்யவும் வேண்டும். பிழையான அளவுகோலைக் கொண்டு துணியை வெட்டினால் சட்டைதான் கெடும். கட்டுமானத் தளத்தில் அளவுகோல் பிழைத்தால் போவது மனித உயிர். எனவே, அந்தப் பூச்சியம் எதை அளக்கிறது, எதை அளக்காமல் விடுகிறது, அதற்கு மாற்றாக எதை அளக்கலாம் என்னும் மூன்று கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்வோம்.

கணக்குப் போடும் முறை

பாதுகாப்பை எண்ணால் குறிப்பதற்கு உலகெங்கும் வழங்கும் முறை மிகவும் எளியது. ஓராண்டில் எத்தனை பேர் காயமடைந்து வேலைக்கு வர இயலாமற் போயினர் என்று எண்ணுகிறார்கள். அதைப் பத்து இலட்சத்தால் பெருக்கி, எல்லாத் தொழிலாளரும் சேர்ந்து வேலை செய்த மொத்த மணி நேரத்தால் வகுக்கிறார்கள். கிடைப்பது விபத்து நிகழ்வு வீதம். பத்து இலட்சம் மணி நேர வேலைக்கு எத்தனை காயங்கள் என்பதே இதன் பொருள். அமெரிக்காவில் பத்து இலட்சத்துக்குப் பதிலாக இரண்டு இலட்சம் மணி நேரத்தைக் கொள்கிறார்கள். நூறு பேர் ஓராண்டு செய்யும் வேலை அது. இந்தியாவில் 1983-ஆம் ஆண்டில் திருத்தி வெளியிடப்பட்ட 3786-ஆம் எண் தரநூல் பத்து இலட்சம் மணி நேரத்தையே அடிப்படையாகக் கொண்டது.

காயங்களின் எண்ணிக்கை மட்டும் போதாது, அவற்றின் கடுமையும் தெரிய வேண்டும் என்பதற்காகக் 'கடுமை வீதம்' என்று இன்னொன்றும் உண்டு. காயத்தால் இழந்த வேலை நாட்களைக் கூட்டி, அதே போல் வகுப்பது அது. ஒருவர் இறந்துவிட்டால் எத்தனை நாட்கள் இழப்பு? அந்தத் தரநூலின் கணக்குப்படி 6000 நாட்கள். ஆண்டுக்கு 300 வேலை நாட்கள் என்று வைத்துக்கொண்டால் அது இருபது ஆண்டு உழைப்பு. இருபது வயதுச் சித்தாள் இறந்தாலும், ஐம்பது வயதுக் கொத்தனார் இறந்தாலும் பதிவேட்டில் ஏறுவது அதே 6000 தான்.

இம்முறையை முற்றிலும் தள்ளிவிட வேண்டியதில்லை. ஒரு நாட்டின் அனைத்துக் கட்டுமானத் தொழிலாளரையும் சேர்த்துக் கணக்கிடும்போது இவ்வீதங்கள் பயனுடையவை. இன்ன தொழிலில் ஆபத்து மிகுதி, பத்தாண்டுகளில் நிலைமை இவ்வாறு மாறியிருக்கிறது என்றெல்லாம் அவற்றிலிருந்து சொல்ல முடியும். ஒரே ஒரு தளத்தின் பாதுகாப்பை ஓராண்டுக் கணக்கை வைத்து எடை போடும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. அது எவ்வாறு என்று பார்ப்போம்.

தற்செயல் செய்யும் வேலை

250 பேர் வேலை செய்யும் ஒரு தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாட்கள் என்றால் மொத்தம் 6,00,000 மணி நேரம். இத்தளத்தின் உண்மையான ஆபத்து, பத்து இலட்சம் மணி நேரத்துக்கு 5 காயங்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஆண்டுக்குச் சராசரியாக 3 காயங்களை எதிர்பார்க்கலாம்.

இப்போது இதே போன்ற நூறு தளங்கள் இருப்பதாகக் கற்பனை செய்யுங்கள். எல்லாவற்றிலும் ஒரே அளவு ஆபத்து; ஒரே வகைச் சாரம்; ஒரே வகை மேற்பார்வை. ஆண்டு இறுதியில் எல்லாவற்றிலும் சரியாக மூன்று மூன்று காயங்களா பதிவாகியிருக்கும்? இல்லை. பிரெஞ்சுக் கணித அறிஞர் பாய்சான் 1837-இல் வெளியிட்ட நிகழ்தகவுப் பரவலைக் கொண்டு கணக்கிட்டால், ஏறத்தாழ 5 தளங்களில் ஒரு காயமும் இராது. 15 தளங்களில் ஒரே ஒரு காயம். 72 தளங்களில் இரண்டு முதல் ஐந்து வரை. மீதமுள்ள 8 தளங்களில் ஆறும் அதற்கு மேலும்.

அந்த ஐந்து தளங்களின் மேலாளர்கள் மாலையும் கேடயமும் பெறுவார்கள். அந்த எட்டுத் தளங்களின் மேலாளர்கள் தலைமை அலுவலகத்துக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருப்பார்கள். இரு சாராருக்கும் இடையே பாதுகாப்பில் எள்ளளவு வேறுபாடும் இல்லை என்பதை மறவாதீர்கள்.

இது வெறும் காகிதக் கணக்கன்று. 1898-இல் போர்ட்கீவிச் என்னும் அறிஞர், பிரஷ்யக் குதிரைப் படையில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் கணக்கை ஆராய்ந்தார். பத்துப் படைப்பிரிவுகள், இருபது ஆண்டுகள். ஆக 200 பதிவுகள். அவற்றுள் 109 பதிவுகளில் இறப்பே இல்லை. 65-இல் ஒருவர், 22-இல் இருவர், 3-இல் மூவர், ஒன்றில் நால்வர். பாய்சான் பரவல் தரும் எண்களோடு இவை வியக்கத்தக்க அளவில் ஒத்துப்போயின. நால்வரைப் பறிகொடுத்த படைப்பிரிவில் குதிரைகள் முரடாயின என்றோ, எவரும் இறவாத பிரிவில் வீரர்கள் திடீரெனக் கவனமாயினர் என்றோ முடிவு கட்டத் தேவையில்லை. அரிதாக நிகழும் நிகழ்ச்சிகள் இவ்வாறுதான் சிதறி விழும்.

இன்னொரு கோணத்திலும் பாருங்கள். நமது தளத்தின் மேலாளர் கடுமையாக உழைத்து ஆபத்தை உண்மையாகவே பாதியாகக் குறைத்துவிட்டார் என்று கொள்வோம். சராசரி 3 என்பது 1.5 ஆகிவிட்டது. ஆயினும் அடுத்த ஆண்டில் மூன்றோ அதற்கு மேலோ காயங்கள் பதிவாவதற்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. அப்படிப் பதிவானால், பலகையைப் படிப்பவர்கள் அவருடைய முயற்சி வீண் என்றே எண்ணுவார்கள்.

அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் மாத்யூ ஹாலோவெல்லும் அவருடைய குழுவினரும் 2020-இல் வெளியிட்ட ஆய்வு இதனை உறுதி செய்தது. பதினேழு ஆண்டுகளில் 3.26 இலட்சம் கோடி மணி நேர வேலையின் பதிவுகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். காய வீதத்தில் காணப்படும் ஏற்ற இறக்கங்களில் 96 முதல் 98 விழுக்காடு வரை வெறும் தற்செயல் என்பது அவர்கள் கண்ட முடிவு. ஒரு நிறுவனத்தின் காய வீதம் இந்த ஆண்டு குறைந்திருக்கிறது என்று சொன்னால், அதனால் நாம் அறிந்துகொள்வது மிகச் சிறிதே.

பேசாத காயங்கள்

இதுவரை சொன்னது, எல்லாக் காயங்களும் ஒழுங்காகப் பதிவு செய்யப்படுகின்றன என்ற நம்பிக்கையில். அது நடக்கிறதா?

நாட்கூலிக்கு வந்தவர் காலில் ஆணி குத்தியதற்காக வீட்டில் இருந்தால் அன்றைய கூலி போய்விடும். ஆகவே துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாளும் வந்துவிடுவார். காயம் பெரிதாக இருந்தால், 'வேலைக்கு வந்து நிழலில் உட்கார்ந்திரு; கூலி உண்டு' என்று மேஸ்திரி சொல்லிவிடலாம். 48 மணி நேரம் வேலைக்கு வராமல் இருந்தால்தான் கணக்கில் சேரும் என்று விதி இருந்தால், மாவுக்கட்டுப் போட்ட காலுடன் வந்து உட்கார்ந்திருப்பவர் கணக்கில் சேரமாட்டார். உள் ஒப்பந்தக்காரரின் ஆட்களுக்கு ஏற்பட்ட காயம் தலைமை ஒப்பந்தக்காரரின் பதிவேட்டுக்கு வராமலும் போகலாம்.

இதற்கு மேல், 'மூன்று மாதம் விபத்து இல்லையென்றால் எல்லாருக்கும் வெகுமதி' என்று அறிவித்தால் என்ன ஆகும்? கையை நசுக்கிக்கொண்டவர் தம் வலியோடு கூட்டாளிகளின் கோபத்தையும் தாங்க வேண்டியவராகிறார். அவர் வாயை மூடிக்கொள்வதே இயல்பு. வெகுமதி பாதுகாப்புக்கு என்று பெயர்; உண்மையில் அது மௌனத்துக்குக் கொடுக்கும் கூலி. காய்ச்சல்மானியில் பாதரசம் ஏறக்கூடாது என்று நோயாளிக்கு உத்தரவிட்டால் அவர் மானியை வாயில் வைக்காமல் இருப்பார், காய்ச்சல் இறங்காது.

உடனே தெரியாத தீங்குகளோ இக்கணக்கில் அறவே இல்லை. மேற்கு வர்ஜீனியாவில் ஹாக்ஸ் நெஸ்ட் என்னும் இடத்தில் 1930-இலும் 1931-இலும் நீர்மின் திட்டத்துக்காக மலையைக் குடைந்து சுரங்க வழி அமைத்தார்கள். பாறையில் இருந்த சிலிக்காத் தூசியைச் சுவாசித்துப் பல நூறு தொழிலாளர்கள் நுரையீரல் நோயால் பிற்பாடு இறந்தனர். தூசி நுரையீரலில் படிந்த நாளன்று எந்தப் பலகையிலும் அது விபத்தாகத் தோன்றியிராது.

ஹைன்ரிச்சின் முக்கோணம்

இங்கே ஒரு வாசகர் குறுக்கிடலாம். 'பெரிய விபத்துகள் அரியவை என்றால், சிறு காயங்களை எண்ணலாமே! சிறியவற்றைக் குறைத்தால் பெரியவையும் தாமே குறையும் அல்லவா?' என்று அவர் கேட்கக்கூடும்.

இக்கருத்துக்குத் தந்தை, அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய ஹைன்ரிச் என்பவர். தொழிலக விபத்துத் தடுப்புப் பற்றி 1931-இல் அவர் எழுதிய நூல் பல பதிப்புகள் கண்டது. 300 காயமில்லா நிகழ்ச்சிகளுக்கு 29 சிறு காயங்கள், ஒரு பெருங்காயம் என்பது அவர் கூறிய விகிதம். அதனை முக்கோணமாக வரைந்து பாதுகாப்பு வகுப்புகளில் இன்றளவும் காட்டுகிறார்கள். விபத்துகளில் 88 விழுக்காட்டுக்குத் தொழிலாளரின் பாதுகாப்பற்ற செயல்களே காரணம் என்றும் அவர் எழுதினார்.

ஹைன்ரிச்சுக்கு உரிய பெருமையைக் கொடுக்கத்தான் வேண்டும். விபத்து விதியின் செயல், தடுக்க இயலாது என்று நம்பிய காலத்தில், தடுக்கலாம் என்று அவர் எடுத்துரைத்தார். ஆயினும் அவருடைய விகிதம் இயற்கை விதியன்று. காப்பீட்டுக் கோப்புகளிலிருந்தும் தொழிலக உரிமையாளர்களின் பதிவுகளிலிருந்தும் அவர் அதனைத் தொகுத்தார். அவர் பார்த்த மூலப் பதிவுகளைப் பிற்காலத்தவர் சரிபார்க்க வழியில்லாமற் போயிற்று. அந்த 88 விழுக்காடும் அத்தகையதே. விபத்து அறிக்கையை எழுதுபவர் மேற்பார்வையாளர்; 'சாரம் பலவீனமாக இருந்தது' என்று எழுதினால் பழி தம்மீது வரும்; 'ஆள் கவனக்குறைவாக இருந்தார்' என்று எழுதினால் வராது. அத்தகைய அறிக்கைகளை ஆயிரக்கணக்கில் கூட்டினாலும் உண்மை கிடைத்துவிடாது.

முக்கோணத்தின் பெருங்குறை வேறொன்று. விரலை வெட்டிக்கொள்வதும் பாரந்தூக்கி சாய்வதும் ஒரே மரத்தின் கிளைகள் அல்ல. அவற்றின் காரணங்கள் வேறு. கையுறை கொடுத்து விரல் காயங்களை அடியோடு ஒழித்த தளத்திலும் பத்தாவது மாடியில் கைப்பிடிக் கம்பி இல்லாமல் இருக்கக்கூடும். அங்கிருந்து விழுபவருக்கு 300 எச்சரிக்கைகள் கிடைப்பதில்லை.

வலை எண்ணிய 19 பேர்

சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தைக் கட்டிய கதை இதற்கு நல்ல விளக்கம். அந்நாளில் அமெரிக்காவில் பாலம் கட்டுவோரிடையே ஒரு கொடிய கணக்கு வழங்கிற்று: பத்து இலட்சம் டாலர் செலவுக்கு ஓர் உயிர். அப்பாலத்தின் மதிப்பீடோ மூன்றரைக் கோடி டாலர். தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ் இக்கணக்கை ஏற்கவில்லை. 1933-இல் வேலை தொடங்கியது. தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது. பிறகு பாலத்தட்டு அமைக்கும் கட்டத்தில், 1,30,000 டாலருக்கு மேல் செலவிட்டு, வேலை நடக்கும் இடத்தின் அடியில் பெரியதொரு வலையைக் கட்டினார்கள்.

1936 அக்டோபர் வரை ஓர் உயிர்கூடப் போகவில்லை. அம்மாதம் ஒருவர் இறந்தார். பலகைக் கணக்குப்படி இது ஈடு இணையற்ற சாதனை. ஆனால் அந்த வலை வேறொரு கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தது. மேலிருந்து தவறி விழுந்த 19 பேரை அது தாங்கிக் காப்பாற்றியது. பலகையில் அந்தப் பத்தொன்பதும் இல்லை. பலகையை மட்டும் படித்தவர் அங்கே யாருமே விழவில்லை என்று எண்ணியிருப்பார். உயரத்தில் வேலை செய்பவர்கள் எவ்வளவு அடிக்கடி தவறுகிறார்கள் என்பதைக் காட்டிய உண்மையான எண் அதுதான்.

1937 பிப்ரவரி 17 அன்று, பாலத்தட்டின் அடியில் சென்ட்ரிங் பலகைகளைக் கழற்றுவதற்காகத் தொங்கவிட்டிருந்த கனத்த மேடை பிடிமானம் விட்டு வலையின்மேல் விழுந்தது. ஆளைத் தாங்கும் வலை மேடையைத் தாங்கவில்லை; கிழிந்தது. பத்துப் பேர் இறந்தனர். பிப்ரவரி 16 மாலையில் அத்தளம் எவ்வளவு பாதுகாப்பானது என்ற கேள்விக்குப் பலகை விடை சொல்லியிருக்காது. மேடையின் பிடிமானத்தைச் சோதித்திருந்தால் அது சொல்லியிருக்கும்.

நமக்கு அண்மையிலும் சான்று உண்டு. சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று, கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தனர். அதன் அருகிலேயே அதே திட்டத்தைச் சேர்ந்த இன்னொரு கட்டடம் நின்றது. அது இடிந்து யாரையும் கொல்லவில்லை. ஆயினும் அதுவும் பாதுகாப்பற்றது என்று முடிவு செய்யப்பட்டு, 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. உயிரிழப்புப் பூச்சியம், பாதுகாப்பும் பூச்சியம். இரண்டும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

நல்லதை எண்ணும் முறை

அப்படியானால் எதை எண்ணுவது? விபத்துக்குப் பின் வருவதை விட்டு, விபத்துக்கு முன் கண்ணுக்குத் தெரிவதை எண்ணலாம்.

பின்லாந்து நாட்டில் 1990-களில் இதற்கொரு முறையை வகுத்தார்கள். பயிற்சி பெற்ற ஒருவர் தளம் முழுவதும் சுற்றி வருகிறார். வேலை செய்யும் முறை, சாரமும் ஏணியும், இயந்திரங்களும் கருவிகளும், கீழே விழாமல் காக்கும் தடுப்புகள், விளக்கும் மின்சாரமும், ஒழுங்கும் துப்புரவும் என்று தலைப்புகள் உண்டு. ஒவ்வோர் இடத்திலும் தாம் பார்ப்பது விதிப்படி இருந்தால் 'சரி' என்னும் கட்டத்தில் ஒரு கோடு. இல்லையென்றால் 'தவறு' என்னும் கட்டத்தில் ஒரு கோடு. 'ஓரளவு சரி' என்று கட்டம் இல்லை. சுற்றி முடித்ததும், சரியானவை மொத்தத்தில் எத்தனை விழுக்காடு என்று கணக்கிடுகிறார். அதுவே அவ்வாரத்தின் பாதுகாப்புக் குறியெண்.

இது எவ்வாறு மேலானது? முதலில் கணிதத்தைப் பாருங்கள். 300 இடங்களைப் பார்த்து 240 சரி என்று கண்டால் குறியெண் 80. இதில் தற்செயலால் வரக்கூடிய பிழை, கூடக்குறைய 5 விழுக்காட்டுப் புள்ளிகள்தான். ஆண்டுக்கு மூன்று காயங்களை வைத்துக்கொண்டு தடுமாறிய நமக்கு, ஒரே நாளில் முந்நூறு செய்திகள் கிடைத்துவிடுகின்றன. அடுத்த வாரம் குறியெண் 65 ஆனால், அது தற்செயல் அன்று என்று துணிந்து சொல்லலாம். இரண்டாவதாக, எவரும் காயப்பட வேண்டியதில்லை. மூன்றாவதாக, எதைச் சரிசெய்ய வேண்டும் என்பது அந்தத் தாளிலேயே எழுதியிருக்கிறது. 'நிகழ்வு வீதம் 5' என்றால் மேஸ்திரி எதைச் செய்வார்? 'மூன்றாம் மாடியில் நான்கு இடங்களில் கைப்பிடி இல்லை' என்றால் உடனே ஆளை அனுப்புவார்.

அளப்பதனாலேயே நிலைமை திருந்துமா? இதனை இங்கிலாந்தில் மான்செஸ்டர் தொழில்நுட்பக் கல்வி நிலையத்தைச் சார்ந்த டஃப், ராபர்ட்சன், கூப்பர், ஃபிலிப்ஸ் ஆகியோர் கட்டுமானத் தளங்களிலேயே சோதித்து, 1990-களின் முற்பகுதியில் முடிவுகளை வெளியிட்டனர். சாரம், உயரத்துக்கு ஏறும் வழி, தளத்தின் ஒழுங்கு, தற்காப்பு அணிகள் ஆகியவற்றை முதலில் சில வாரங்கள் அளந்தார்கள். பிறகு தொழிலாளர்களைக் கூட்டி, அளந்த எண்ணைச் சொல்லி, எட்டக்கூடிய ஓர் இலக்கை வைத்தார்கள். எல்லாரும் பார்க்கும் இடத்தில் வரைபடம் தொங்கவிடப்பட்டது. வரைபடத்தின் கோடு கணிசமாக மேலே ஏறிற்று. தள நிருவாகம் உண்மையான அக்கறை காட்டிய இடங்களில் பயன் மிகுதியாக இருந்தது.

இந்தக் கடைசி வாக்கியத்தை இருமுறை படியுங்கள். கைப்பிடிக் கம்பி வாங்கித் தராமல், 'உங்கள் கைப்பிடிக் குறியெண் குறைவு' என்று தொழிலாளரிடம் வரைபடத்தைக் காட்டுவது பயனற்றது, நேர்மையும் அன்று. அந்தக் குறியெண் முதலில் நிருவாகத்துக்கு இடும் மதிப்பெண், பிறகுதான் தொழிலாளருக்கு.

புதிய அளவுகோலின் குறைகள்

பழையதைக் குறை கூறிவிட்டுப் புதியதை மட்டும் கோயிலில் வைத்துக் கும்பிடுவது திறனாய்வு ஆகாது. குறியெண்ணுக்கும் குறைகள் உண்டு.

முதற்குறை, எளிதில் கண்ணுக்குத் தெரிவதையே அது எண்ணுகிறது. தலைக்கவசம் தூரத்திலிருந்தே தெரியும். கான்கிரீட்டின் உட்புற வலிமை தெரியாது. மேற்கு வர்ஜீனியாவின் வில்லோ தீவில் 1978 ஏப்ரல் 27 அன்று நடந்ததை நினைத்துப் பாருங்கள். மின் நிலையத்துக்கான குளிர்விப்புக் கோபுரம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. சாரம் தரையிலிருந்து எழும்பாமல், கட்டிமுடித்த கான்கிரீட் சுவரிலேயே பிணைக்கப்பட்டு, சுவர் உயர உயரத் தானும் உயர்ந்தது. முந்தின நாள் வார்த்த கான்கிரீட், குளிர்ந்த இரவு காரணமாகப் போதிய இறுக்கம் பெறவில்லை. மறுநாள் அதன்மேல் பாரம் ஏற்றப்பட்டதும் சுவர் உரிந்து, சாரத்தோடு ஆட்களும் விழுந்தனர். 51 பேர் இறந்தனர். அன்று காலையில் யாராவது சுற்றிவந்து தலைக்கவசங்களை எண்ணியிருந்தால் நல்ல மதிப்பெண்ணே கொடுத்திருப்பார். அங்கே அளந்திருக்க வேண்டியது வேறு: அந்தக் கான்கிரீட்டின் மாதிரித் துண்டு எவ்வளவு அழுத்தம் தாங்குகிறது என்பது.

இரண்டாம் குறை, எல்லாக் கோடுகளுக்கும் ஒரே மதிப்பு. சிதறிக் கிடக்கும் சாக்குக்கும், கழன்று நிற்கும் சாரக் கட்டுக்கும் ஒவ்வொரு கோடுதான். 99 சரி, ஒன்று தவறு என்றால் குறியெண் 99. அந்த ஒன்று பாரந்தூக்கியின் அறுந்துகொண்டிருக்கும் கம்பிவடமாக இருந்தால்? ஆகவே உயிரைப் பறிக்கக்கூடிய சில பொருள்களை இக்கூட்டலில் சேர்க்கக் கூடாது. சாரத்தின் தாங்கு திறன், கான்கிரீட்டின் வலிமை, முட்டுக்கால்கள், பாரந்தூக்கி, ஆழமான பள்ளத்தின் பக்கச் சுவர் ஆகியவற்றுக்கு விழுக்காடு கிடையாது. ஒன்று சரி, இல்லையென்றால் வேலை நிறுத்தம்.

மூன்றாம் குறை மனித இயல்பைச் சார்ந்தது. குறியெண்ணோடு பரிசையோ அபராதத்தையோ கட்டிவிட்டால், பூச்சியத்துக்கு நேர்ந்த கதியே இதற்கும் நேரும். அளப்பவர் வரும் நாளில் மட்டும் எல்லாம் ஒழுங்காக இருக்கும். பள்ளிக்கூடத்தில் ஆய்வாளர் வரும் நாளை நினைவு கூர்ந்தால் இது உங்களுக்கு விளங்கும். எண், திருத்துவதற்குக் கருவியாக இருக்கும்வரை உண்மை பேசும். தண்டிப்பதற்குக் கருவியானால் பொய் பேசக் கற்றுக்கொள்ளும்.

எதைக் கேட்க வேண்டும்?

ஆகவே, ஒரு தளம் பாதுகாப்பானதா என்று அறிய விரும்புபவர் 'எத்தனை நாள் விபத்தில்லை?' என்று கேட்பதோடு நின்றுவிடக் கூடாது. இந்த வாரம் எத்தனை இடங்களைச் சோதித்தீர்கள்? அவற்றில் எத்தனை சரியாக இருந்தன? தவறானவற்றை எத்தனை நாளில் திருத்தினீர்கள்? ஆபத்து என்று தொழிலாளர்கள் தாமாகவே வந்து சொன்னவை எத்தனை? இந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு 'ஒன்றுமில்லை' என்று விடை வந்தால் மகிழ வேண்டாம், கவலைப்படுங்கள். சொல்வதற்கு அஞ்சுகிறார்கள் என்றோ, சொல்லிப் பயனில்லை என்று கண்டுகொண்டார்கள் என்றோ அதற்குப் பொருள் இருக்கக்கூடும். வெளி மாநிலங்களிலிருந்து வந்து, உள்ளூர் மொழி அறியாமல் வேலை செய்பவர்கள் உள்ள தளத்தில், அவர்களுக்குப் புரியும் மொழியில் கேட்டீர்களா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

மாணவர்களே! இம்முறையை நீங்களும் பயின்று பார்க்கலாம். உங்கள் தெருவிலோ பள்ளிக்குப் போகும் வழியிலோ ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கும். உள்ளே நுழையாதீர்கள், எதிர்ப்புறச் சாலையோரத்திலிருந்தே பார்க்கலாம். ஒரு தாளில் இரண்டு கட்டங்கள் போடுங்கள். சாரத்தில் ஆள் நிற்கும் இடங்களில் கைப்பிடி இருக்கிறதா? நிற்கும் பலகை அகலமாக, அசையாமல் இருக்கிறதா? ஏணியின் உச்சி கட்டப்பட்டிருக்கிறதா? திறந்த மாடி விளிம்புகளில் தடுப்பு இருக்கிறதா? மின்கம்பிக்கும் சாரத்துக்கும் இடையே போதிய தூரம் இருக்கிறதா? ஒவ்வொன்றையும் காணும் இடமெல்லாம் ஒரு கோடு போடுங்கள். வாரத்துக்கு ஒரு முறை, ஒரே நேரத்தில், நான்கு வாரம் செய்து வரைபடம் வரையுங்கள். உங்கள் நண்பர் ஒருவரையும் தனியே எண்ணச் சொல்லி, இருவர் எண்ணும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று ஒப்பிடுங்கள். ஒத்துப்போகவில்லையென்றால், 'சரி' என்பதற்கு இருவரும் வெவ்வேறு பொருள் கொண்டிருக்கிறீர்கள்; அதைப் பேசித் தீர்த்துக்கொண்டு மீண்டும் எண்ணுங்கள். நல்ல அளவுகோல்கள் உருவாவது அப்படித்தான்.

நான்கு வாரம் முடிந்ததும் அந்தத் தாளை வீட்டின் உரிமையாளரிடமோ மேஸ்திரியிடமோ பணிவாகக் காட்டுங்கள். அவர் சிரிக்கலாம். ஆனால் மூன்றாம் மாடிச் சாரத்தில் ஒரு கைப்பிடி கூடுதலாகக் கட்டப்பட்டால், அதில் சாய்ந்து நிற்கப் போகிறவர் ஒருவர் இருக்கிறார்.